ஒரே தொட்டியில்

கிரேக்கத்தின் கிரீட் தீவில், மலையடியில் உள்ள எண்ணெய் ஆலை அதிர்கிறது. சிஃபிஸ் கொட்டிய ஆலிவ் காய்களை இரும்புத் தொட்டி மென்று விழுங்குகிறது. பச்சை எண்ணெயின் கார நெடி தொண்டையில் ஏறுகிறது. போன வருஷம் செத்த அப்பனின் நசுங்கிய எண்ணெய் டின் மூலையில் கிடக்கிறது. மெல்போர்னிலிருந்து திரும்பிய தங்கை அர்கிரோ, அப்பனின் தோப்பில் தான் உதிர்த்த காய்மூட்டையோடு வருகிறாள். "ஓடிப்போனவளுக்கு இங்க ஏதுடி பங்கு?" சிஃபிஸின் புறங்கை அவள் உதட்டைக் கிழிக்கிறது. அவள் மூட்டையைத் தூக்கித் தொட்டியில் அவன் காய்களின் மேலேயே கவிழ்க்கிறாள். "இப்பப் பிரிச்சு எடு, அண்ணே." அவன் அவள் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதுகிறான். சுண்ணாம்பில் ரத்தம் வழிகிறது. அவள் நகங்கள் அவன் கழுத்தில் இறங்குகின்றன. ஆலைக்காரர் இயந்திரத்தை நிறுத்தவில்லை. "எண்ணெயை யார் டின்ல பிடிக்க?" முடியை விடாமலே சிஃபிஸ் மூலையைப் பார்க்கிறான். "எங்கப்பன் டின்ல."