கழித்தது போக

"அம்மா, அப்பாவை இறுக்கிப் புடிச்சுட்டு ஆடாம நில்லுங்க. நெம்பரு ஓடீட்டே இருக்குது" என்றான் கோபிநாத்.

கொப்பரை மூட்டை எடை போடுகிற மெஷின் மேல் கமலாத்தாள் நின்றிருந்தாள். அவள் தோளைக் கட்டிக்கொண்டு, முழுப் பாரத்தையும் அவள் மேல் சாய்த்தபடி அவள் புருஷன் மாரப்பன்.

"எவ்வளவு சாமி?"

"நூத்தி ரெண்டுங்க."

போன ஞாயிற்றுக்கிழமைக்கு இது இன்னும் குறைவு. கமலாத்தாள் புருஷனைத் தாங்கலாக இறக்கிக் கட்டிலில் உட்கார வைத்தாள்.

மாரப்பனுக்குப் புற்றுநோய் இடுப்பெலும்பு வரை இறங்கிவிட்டது. தனியாக நிற்க முடியாது. அதனால் கன்றுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கிற கணக்குத்தான். கமலாத்தாளை முதல் நாளே தனியாக நிறுத்திப் பார்த்தாயிற்று, அறுபத்திரண்டு கிலோ. இரண்டு பேரின் எடையில் அதைக் கழித்தால் மீதி மாரப்பன். இரண்டு மாதத்துக்கு முன்னால் கழித்தபோது நாற்பத்தெட்டு வந்தது. இன்றைக்கு நாற்பது.

பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் டாக்டர் ராஜஸ்ரீ தெளிவாகச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்.

"உடம்புல கொஞ்சமாவது கொழுப்பு இருக்கறவாதான் இந்த நிலைமையில கூடுதல் நாள் தாங்கறா. இப்போதைக்கு மருந்தை நிறுத்தி வைக்கறேன். ரெண்டு மாசம் நன்னா சாப்பிடட்டும். எடை நாப்பத்தஞ்சுக்குக் கீழ போகாம வந்தா மறுபடியும் மருந்து ஏத்தலாம். போயிட்டா, மருந்தே ஆளைக் கொண்டுபோயிடும்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் கொள்ளு வேகவில்லை. இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது கமலாத்தாளுக்கு டாக்டர் வாக்குக்கு மேல். எள்ளுருண்டை, ஆட்டுக்கால் சூப்பு, நெய் விட்டுப் பிசைந்த சோறு என்று ஒவ்வொரு வாயாகக் கெஞ்சிக் கெஞ்சி ஊட்டினாள். ஊட்டி, துடைத்து, புரட்டிப் படுக்க வைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தால் சோற்றைப் பார்க்கவே சலிப்பாக இருக்கும். விளக்கை அணைத்துவிட்டு வந்து அவர் கட்டிலடியில் சாய்ந்துகொள்வாள்.

இத்தனை செய்தும் வாரா வாரம் எடை இறங்கியது. மாரப்பனின் தங்கை போனில் கேட்டே விட்டாள். "ஏனுங்க நங்கை, வாய்க்கு ருசியா ஆக்கிப் போட்டா எங்கண்ணன் ஏன் இப்படி எளைக்கறாரு?"

கமலாத்தாளுக்கு அந்தப் பேச்சு ஆறவே இல்லை. அவளே தன்னை அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் கோபிநாத் ஞாயிறுதோறும் வந்து எடை பார்த்துவிட்டுப் போவான். இன்றைக்கு அவனுக்கு மெஷின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. பிரிக்காத சிமெண்ட் மூட்டை ஒன்றைத் தூக்கி வைத்துப் பார்த்தான். மூட்டையில் போட்டிருந்த எடை அப்படியே வந்தது.

"மெஷின் செரியாத்தானுங்க இருக்குது" என்றான்.

"உட்டுருங்க" என்றார் மாரப்பன். "தின்னது ஒட்ட மாட்டீங்குது. நாளைக்கு ஆஸ்பத்திரியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"வேண்டாம்னு அந்தம்மா சொல்லட்டுமுங்க" என்றாள் கமலாத்தாள். "நம்ம வாயில நாம சொல்ல வேண்டாம்."

மறுநாள் டாக்டரின் அறைக்குள் நுழைந்ததுமே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"எட்டுக் கிலோ போயிருச்சுங்க. நாந்தானுங்க ஒழுங்காப் பாக்கல. எப்படியாச்சும் மருந்து ஏத்துங்க, இனி நல்லாப் பாத்துக்கறேன்."

"அழாதீங்கோ. முதல்ல பாப்போம்."

நர்ஸ் ஷிஜி, உட்கார்ந்தபடியே எடை காட்டும் நாற்காலியில் மாரப்பனை உட்கார்த்தினாள்.

"அம்பது, டாக்டர்."

டாக்டர் அவர் காலை அழுத்திப் பார்த்தார். வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"நீர் எங்கயும் இல்லை. போன தடவை நாப்பத்தெட்டு. ரெண்டு கிலோ கூடியிருக்கார். சாப்பிட்டதெல்லாம் ஒட்டியிருக்கு. நாளைக்கே மருந்து ஏத்தலாம்."

கமலாத்தாள் நம்பாமல் இன்னொரு தரம் கேட்டாள். டாக்டர் இன்னொரு தரம் சொன்னார். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து புருஷன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். மாரப்பன் ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்தார்.

"எந்தங்கச்சிக்கு ஒரு போனைப் போடு புள்ள" என்றார்.

கோபிநாத்துக்குத்தான் பிடிபடவில்லை. "எங்க ஊட்டு மெஷினும் செரியாத்தானுங்க டாக்டர் இருக்குது. நேத்து அம்மாவும் அப்பாவும் சேர்ந்து நூத்தி ரெண்டு. அம்மா எடையைக் கழிச்சா நாப்பதுதானுங்களே வருது."

"அம்மாவைத் தனியா எப்போ எடை பாத்தேள்?"

"மொத நாளுங்க. அதுக்கப்புறம்..."

அவன் நிறுத்திக்கொண்டான். டாக்டர் எழுந்து வந்து கமலாத்தாளின் கையைப் பிடித்துத் தூக்கினார். மாரப்பனைக் கட்டிலுக்கு மாற்றிவிட்டு ஷிஜி நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பினாள்.

"எனக்கென்னங்க, நான் நல்லாத்தான் இருக்கறேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே உட்கார்ந்தாள் கமலாத்தாள்.

ஐம்பத்திரண்டு. இரண்டு மாதமாக வாரா வாரம் இளைத்துக்கொண்டிருந்தது அவள்.