உரக்கச் சொல்லும் பாஸ்வேர்டு

"திரையை மூடுங்கப்பா," என்றாள் அக்கா.

யாரோ மேஜை விரிப்பை உருவி டிவி மேல் போர்த்தினார்கள். இது அவள் வைத்த சட்டம். கண் தெரிந்தவர்கள் திரையைப் படித்துவிட்டுக் காதால் கேட்டதாகச் சத்தியம் செய்வார்கள்.

அவளுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. டிவியில் செருகும் பெட்டியில், திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் குரல் ஒன்று உண்டு; அதைச் சோதிப்பது அவள் வேலை. அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த மேலாளருக்கும்தான்.

மூன்று மாதத்துக்கு முன்பு அந்தக் குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. ஒலிப் பொறியாளன் மண்டையை உடைத்துக்கொண்டு சரிசெய்துவிட்டான். இப்போது குரல் வாயைத் திறந்தால் போதும், மாமியாரைக் கண்ட மருமகன்போல் படத்தின் சத்தம் தானாக அடங்கிவிடும்.

அக்காவுக்கு ஒரே ஒரு குறை.

பாஸ்வேர்டு அடிக்கும்போது ஒவ்வொரு எழுத்தையும் அது ஊருக்கே கேட்கச் சொல்கிறது. கண் தெரிந்தவர்களுக்குப் புள்ளி வைத்து மறைப்பார்கள். தெரியாதவர்களுக்கு மைக் வைத்து அறிவிப்பார்கள்.

அதை மட்டும் ஹெட்போனுக்குள் சொல்லட்டும் என்று மூன்று முறை எழுதிக் கொடுத்தாள். மூன்று முறையும் 'அப்புறம் பார்க்கலாம்' என்று திரும்பி வந்தது. இன்று எல்லோர் முன்னாலும் ஓட்டிக் காட்டிய பிறகு மேலாளர் கையெழுத்துப் போட்டால் பெட்டி இப்படியே வீடு வீடாகப் போய்விடும்.

"வீட்டுக்குள்ள எவன்க்கா பாஸ்வேர்டைத் திருடப் போறான்?" என்றான் பொறியாளன். மேஜைக்கடியில் அவன் முழங்கால் படபடவென்று ஆடுவது அவளுக்குக் கேட்டது.

"நீ உன் குரலைப் பேசவிடு தம்பி. நான் அடிக்கிறேன்."

பாஸ்வேர்டு கேட்கும் இடத்தில் பெட்டியைக் காலையிலேயே தயாராக நிறுத்தி வைத்திருந்தாள். ரிமோட்டின்மேல் கட்டைவிரல் தயங்காமல் நகர்ந்தது.

"பி," என்றது குரல். கணீரென்று.

கடைசி வரிசையில் கைதட்டல்.

"யு. ஜெ. ஜெ. ஐ."

"புஜ்ஜியா!" ஓரத்திலிருந்து ஒருத்தி சிரித்தாள். "அக்கா, சொல்லவே இல்லையே!"

"கடைசி வரிசை, சத்தம் போதுமா?"

"தெருமுனை வரைக்கும் போகும்க்கா!"

"நாலு. ஏழு," என்று முடித்தது குரல்.

பொறியாளனின் முழங்கால் நின்றுவிட்டது. இவ்வளவு பெரிய வெற்றியை அவனே எதிர்பார்க்கவில்லை.

அக்கா உள்நுழையும் பொத்தான்மேல் விரலை வைத்தபடி, மேலாளர் இருமிய திசைக்கு முகத்தைத் திருப்பினாள்.

"இதை அழுத்தினா, கணக்கு யாரோடதுன்னு பேர் சொல்லி வரவேற்கும் சார். அழுத்தட்டுமா?"

மேலாளரின் நாற்காலி சட்டென்று பின்னுக்கு நகர்ந்தது.

"வேண்டாம்க்கா," என்றார் மேலாளர். "ஹெட்போன் விஷயத்தை முதல்ல முடிங்க. அதுக்கப்புறம்தான் கையெழுத்து."

பொறியாளன் வாயைப் பிளந்தான். "ஏன் சார்? குரல் இவ்வளவு நல்லா கேக்குதே?"

"அதான்யா பிரச்சினை!"

நேற்று அலுவலகத்துக்கு வந்த விருந்தாளிகளுக்குப் பெட்டியைக் காட்ட, மேலாளர் குரலையும் போட்டுவிட்டு, பாஸ்வேர்டு அடித்துத் தன் கணக்கில் நுழைந்தபோது, அக்கா இரண்டு அறை தள்ளி டீ குடித்துக்கொண்டிருந்தாள்.