இருநூற்றைந்து டிகிரி

“சனியனே, மறுபடியும் இருநூத்தியஞ்சா!”

சென்றாயன் வெப்பமானியைச் சட்டியிலிருந்து எடுத்துத் துடைத்து, திரும்பவும் நுழைத்தான். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பாதரசமோ ஒரு கோடு கூட மேலே ஏற மறுத்தது. தண்ணீர் இருநூற்றுப் பன்னிரண்டு டிகிரி பாரன்ஹீட்டில் கொதிக்கும் என்று பள்ளியில் மனப்பாடம் செய்தவன் அவன்.

“என் அடுப்பை எப்ப உடுவ கண்ணு?” என்றாள் அந்தக் கொல்லிமலைக் குடிசைக்காரி பழனாயி. “பருப்பு வேற வேகோணும். மலைக்குக் கீழ முள்ளுக்குறிச்சியில எங்க அக்கா ஊட்டுல இதே சந்தைப் பருப்பு சீக்கிரம் வெந்துருது. மலைக்குக் கொண்டாந்தா அதுக்குத் திமிரு புடிச்சுக்குது.”

“என் பொழப்பே வேகாம கெடக்குதுங்க. பருப்புக்கு இப்ப என்னங்க அவசரம்?”

சேலத்தில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை காலியாக இருந்தது. அதில் நுழைந்துவிட்டால் மேலே படித்து விஞ்ஞானி ஆகலாம். இல்லையென்றால் அப்பாவின் கடலைக்காடுதான்.

பேராசிரியர் அருணாசலம் சீமையிலிருந்து கப்பலில் வந்த அந்த வெப்பமானியை அவன் கையில் கொடுத்திருந்தார். “கொல்லிமலை மேல ஏறி, தண்ணியைக் கொதிக்க வெச்சு, எத்தனை டிகிரின்னு பார்த்துட்டு வா. சரியாச் சொன்னா வேலை உனக்குத்தான்.”

ஏறும்போது ஒரு பாறையில் வழுக்கி விழுந்திருந்தான். அதில்தான் கருவி கெட்டிருக்க வேண்டும். கருவியைக் கெடுத்தவனை எந்த ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொள்வார்கள்? இறங்கும் வழியெல்லாம் தன்னையே திட்டிக்கொண்டு வந்தான்.

காலில் தைத்த முள்ளோடு நொண்டி நொண்டிச் சேலத்தில் பேராசிரியர் முன்னால் போய் நின்றான்.

“எத்தனை?”

“இருநூத்திப் பன்னெண்டுங்க ஐயா.”

அருணாசலம் கையை நீட்டினார். வெப்பமானியை வாங்கி, மேசை மேல் கொதித்துக்கொண்டிருந்த கண்ணாடிக் குடுவைக்குள் விட்டார். பாதரசம் விறுவிறுவென்று ஏறி, இருநூற்றைந்தைத் தாண்டி, இருநூற்றுப் பன்னிரண்டை நெருங்கி நின்றது.

கருவி கெடவே இல்லை! அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை. “மேல போகப் போகக் காத்தோட அழுத்தம் குறையும் தம்பி. அமுக்கிப் பிடிக்கிற காத்து குறைஞ்சா, சூடு முழுசா ஏறறதுக்கு முன்னாலயே தண்ணி கொதிச்சிரும். அந்த மலை உயரத்துக்கு இருநூத்தியஞ்சுதான் வரும்.”

பழனாயியின் வேகாத பருப்பு அவன் கண் முன்னால் வந்து நின்றது. “ஐயா, எனக்கும் இருநூத்தியஞ்சுதாங்க வந்துச்சு…”

“நான் சொன்னதுக்கு அப்புறமா?” அவர் வெப்பமானியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்து மூடினார். “நீ மலையே ஏறலை.”