தறி நின்ற தெரு

எங்கள் தெருவில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

கடைசியாக நின்றது எதிர்வீட்டு வேதாச்சலத்தின் தறி. அப்பன் செத்த அன்றைக்கே பாடை கட்டும்வரை தறி ஓட்டியவன் என்று அவனைப் பற்றித் தெருவில் ஒரு பேச்சு உண்டு. இன்றைக்கு என் மகளுக்காக நிறுத்திவிட்டு, வாசலில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

நகரியில் பவர்லூம் சத்தம் கேட்டுப் பிறந்த குழந்தை, சத்தம் நின்றால்தான் விழித்துக்கொண்டு அழும். பட்டப்பகலில், கரண்ட் இருக்கும்போதே, தெரு இப்படி வாயை மூடி நான் பார்த்ததில்லை.

என் மகள் தாட்சாயணி தைவானில் மேல்படிப்பு படித்தாள். பாடமெல்லாம் இங்கிலீஷில் நடத்தினார்கள். வேலை என்று கேட்டால் மட்டும் சீனத்தில் பேசு என்கிறார்கள். இது என்ன நியாயமோ! கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினாள். வேலை தேடிக்கொள்ள அந்த ஊரில் கொடுத்த கெடுவும் முடிந்து, போன மாதம் பெட்டியோடு வீடு வந்து சேர்ந்தாள்.

ஒரே ஒரு கம்பெனி மட்டும் வீடியோவில் பேசுகிறோம் என்று சொல்லியிருந்தது. கிடைத்தால் திரும்பிப் போகலாம். இல்லாவிட்டால் அந்த ஊர் ஆசையை இதோடு விட்டுவிட வேண்டியதுதான்.

"இந்தத் தறிச் சத்தத்துல அவங்களுக்கு இன்னா நைனா கேக்கும்?" என்று நேற்று என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாள். அதை நான் பக்கத்து வீட்டுச் சென்னம்மாவிடம் சொன்னேன். சென்னம்மாவிடம் சொன்ன பிறகு ஊரில் தனியாகத் தமுக்கு அடிக்க வேண்டியதில்லை.

என் பெண்டாட்டி யசோதா விடியும்போதே திருப்பதிக்கு பஸ் ஏறிவிட்டாள். மலைமேல் இருக்கிறவனுக்குச் சீனமும் தெரியும் என்பது அவள் நம்பிக்கை.

நான் அறை வாசலில், காமிராவில் படாமல் நின்றேன். கம்ப்யூட்டரில் இரண்டு முகங்கள். கண்ணாடி போட்ட ஓர் அம்மாள், பக்கத்தில் ஒரு வழுக்கைத் தலைக்காரர்.

முதலில் நன்றாகத்தான் போனது. மகள் சிரித்தாள், தலையாட்டினாள், கடகடவென்று பேசினாள். அட, நம் வீட்டுப் பெண்ணா இது!

அப்புறம் அந்த முகங்கள் ஓரமாக ஒதுங்கின. திரை நிறைய ஒரு தாள் வந்தது. மேலிருந்து கீழ்வரை சீன எழுத்து. படித்துக் காட்டு என்றிருப்பார்கள்.

தாட்சாயணி முதல் வரியைத் தொடங்கினாள். நின்றாள். மறுபடி தொடங்கினாள். பேச வருகிறது, எழுத்துதான் பிடிபடவில்லை என்று என்னிடம் முன்பே சொல்லியிருக்கிறாள்.

அந்த அம்மாள் கோபப்படவில்லை. மெதுவாக ஏதோ சொன்னார். மகள் "ஷியே ஷியே" என்றாள். நன்றி என்று அர்த்தம். சீனத்தில் எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

இரண்டு முகங்களும் போய்விட்டன. திரையில் அவள் முகம் மட்டும் இருந்தது. ஊற்றிவைத்த காபிகூட ஆறியிருக்காது, அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வெளியே ஒரு சத்தமில்லை. வேதாச்சலம் இருமலை அடக்குவது மட்டும் கேட்டது.

அவள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். நிமிர்ந்து உட்கார்ந்து, திரையில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துச் சீனத்தில் பேச ஆரம்பித்தாள்.

தெருவுக்குக் கேட்கும்படி சத்தமாகவே பேசினாள். நடுநடுவே சிரித்தாள். நகரி என்றாள், வேதாச்சலம் என்றாள், சென்னம்மா என்றாள். என்ன சொன்னாளோ, அது அவளுக்கும் அந்தத் திரைக்கும்தான் தெரியும்.

அவள் என்னைப் பார்ப்பதற்குள் வாசலுக்கு வந்துவிட்டேன்.

சென்னம்மா பூரித்துப்போய் நின்றாள். "அண்ணா, எம் பேரச் சொல்லிச்சு, கேட்டியா? எம் பேரு தைவானுக்கே போய்ட்ச்சு!"

எனக்கு அந்த நிமிஷம் சித்தூர் ஞாபகம் வந்துவிட்டது.

எல்லை பிரித்தபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நகரி ஆந்திராவிலேயே நின்றது. நான் அங்கே போய்த் தமிழில் பட்டம் வாங்கி, இங்கே வந்து வேலை கேட்டவன். சித்தூர் ஆபீஸ் ஒன்றில் என் கையில் ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். தெலுங்கு எனக்குத் தண்ணீர்பட்ட பாடு, ஆனால் பேச்சு மட்டும்தான். எழுத்து தெரியாது. போய் வா என்றுவிட்டார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில், துணைக்கு வந்த என் அப்பா, என் நைனா, நின்றிருந்தார். அந்த முகத்தை உடனே பார்க்கத் தெம்பில்லை. பின்பக்கம் தண்ணீர்த்தொட்டி ஓரமாகப் போய் வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

நைனா ஒன்றும் கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறினவர் இறங்கினவரிடமெல்லாம், "எம் புள்ளைய எவ்ளோ நேரம் உள்ள வச்சிப் பேசினாங்க தெரியுமா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

சாகும்வரைக்கும் அவர் ஏமாந்தே இருந்தார் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

எதிரே வேதாச்சலம் பொறுமையில்லாமல் கையை அசைத்து, தறியைப் போடலாமா என்று கேட்டான். உள்ளே தாட்சாயணி இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

"இருடா," என்றேன். "எம் பொண்ண எவ்ளோ நேரம் வச்சிப் பேசறாங்க பாரு."