ஞாயிற்றுக்கிழமை வண்டி

காரைக் கிளப்ப ராஜநாயகம் அதன் முன்பக்க ஹாண்டிலைச் சுற்றக் குனிந்தாலே போதும், ஐவி வண்டிக்குப் பின்னால் ஓடிப்போய் நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு மாதாவைக் கூப்பிடுவாள். தன் வண்டிக்காக ஒன்பது வயது மகள் இப்படி உருகுகிறாளே என்று அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

இன்றைக்கும் நின்றாள். அவர் சுற்றினார். வண்டி இரண்டு தடவை இருமி, ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு அடங்கிப்போனது. பாழாய்ப்போன வண்டி, இரண்டு வருஷமாக இதே கூத்துத்தான்.

முப்பத்தாறாம் வருஷத்து ஆஸ்டின். அதற்கு வயசு முப்பத்தேழு, அவரைவிட ஒன்று குறைவு. பேரீச்சம்பழத்துக்குக்கூட எவனும் எடுக்க மாட்டான் என்று சாந்தோமில் அந்தத் தெருவே சிரித்தது. அப்பனுக்கும் மகளுக்கும் மட்டும் அது தேர். ரோட்டில் எந்தப் பழைய கார் போனாலும் முகப்பைப் பார்த்தே பெயரும் வருஷமும் சொல்லிவிடுவாள் ஐவி. வண்டி எதைக் குடிக்கும், எந்த வழியாக மூச்சு விடும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

ஆனால் வண்டி நிற்கிற ஷெட் அவருடையது இல்லை. வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர் அவர். மனைவி டோரதியோடு முட்டிக்கொண்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ராயப்பேட்டை லாட்ஜுக்குப் போனபோது ஓடாத வண்டியை இங்கேயே விட்டுவிட்டுப் போகவேண்டியதாயிற்று. அதை ரிப்பேர் பார்க்கிற சாக்கில் ஞாயிறுதோறும் பூசை முடிந்ததும் வந்துவிடுவார். அதற்கும் டோரதியின் அண்ணன் இக்னேஷியஸ் முதல் நாளே கறாராக ஒரு நிபந்தனை போட்டிருந்தார், குழந்தை பக்கத்தில் நிற்கிறதே என்றுகூடப் பார்க்கவில்லை.

"வண்டி ஓடற அன்னிக்கு எடுத்துக்கிட்டுக் கெளம்பிடணும் மாப்பிள்ளை. அப்புறம் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது."

மிதிக்காவிட்டால் போகிறது. வண்டி மட்டும் ஓடட்டும், தெருமுனையில் நின்று ஹாரன் அடித்து மகளை ஏற்றிக்கொண்டு, திருவான்மியூர் கடற்கரை வரை வாரம் ஒரு சுற்றுப் போய் வரலாம். பஸ்ஸில் அலைக்கழிக்க விடமாட்டேன், வண்டியில் என்றால் சரி என்று டோரதியும் இறங்கி வந்திருந்தாள். பிள்ளைக்கு ஆசை காட்டி மோசம் செய்துவிடக் கூடாதே என்று அவர்தான் ஐவியிடம் மூச்சே விடவில்லை.

இன்றோடு இந்த ரிப்பேர் வேலைக்கும் முடிவு. ஷெட்டை இடித்து வாடகைக்கு ஒரு போர்ஷன் கட்டப்போகிறார் இக்னேஷியஸ். மதியத்துக்குள் ஓடினால் வண்டி ராஜநாயகத்துக்கு. இல்லையென்றால் புதுப்பேட்டை உடைசல் கடைக்கு. கடை ஆள் வைரவன் லாரியை வாசலில் நிறுத்திவிட்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தான். வண்டி ரிப்பேருக்குப் போகிறது என்று டோரதி ஐவியிடம் சொல்லிவைத்திருந்தாள். ராஜநாயகமும் அதை மறுக்கவில்லை.

பிளக்கைக் கழற்றினார். துடைக்கத் துணியைத் தேடினால் காணோம். இந்த ஷெட்டில் எது வேண்டுமானாலும் தங்கும், துணி மட்டும் தங்காது, எலிகள் தின்றே கொழுத்துவிட்டன என்று அவர் சலித்துக்கொள்ள, ஐவி ஓடிவந்து தன் கைக்குட்டையை நீட்டினாள்.

மறுபடி சுற்றினார். பெட்ரோல் வந்தது, பொறி பறந்தது, இருமியது, அடங்கியது. போன மாதம் வந்த மெக்கானிக்கும் இன்ஜினைக் குடைந்து குடைந்து பார்த்துவிட்டுக் கையை விரித்துவிட்டுத்தான் போனான். அவருக்குத் தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பின்னால் கண்மூடி நிற்கிற பெண் பார்த்துவிடப்போகிறாள் என்று பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

கோயிலில் பன்னிரண்டு மணி அடித்தது. வைரவன் பீடியை அணைத்துவிட்டு எழுந்து வந்தான்.

"வுடு சார். இன்னாத்துக்கு இம்சை பண்ணிக்கினு கீறே? உன் நெஞ்சு நின்னுடப் போவுது."

கயிறு கட்டி லாரி இழுக்க, ஆஸ்டின் தலையை ஆட்டிக்கொண்டே தெருவில் இறங்கியது. ஐவி டாட்டா காட்டினாள். முனை திரும்பி மறைகிற வரைக்கும் காட்டினாள். பிறகு வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் துளி வருத்தம் கிடையாது.

"இன்னிக்கும் ஓடலல்லப்பா? அப்ப அடுத்த ஞாயித்துக்கிழமையும் வருவீங்கதானே?"

அதற்குமேல் அவரால் பொய் சொல்ல முடியவில்லை. மண்டி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வண்டி திரும்பி வராது, உடைக்கத்தான் போகிறது, சாயங்காலத்துக்குள் துண்டு துண்டாகிவிடும். ஓடியிருந்தால் வாராவாரம் உன்னை ஏற்றிக்கொண்டு பீச்சுக்குப் போவதாக இருந்தேன், அம்மாகூடச் சரியென்றுவிட்டாள். இனிமேல் அப்பா இங்கே வருவதற்கு ஒரு காரணமும் இல்லை.

ஐவியின் கை மெல்ல அவர் கையிலிருந்து நழுவியது. காலியாகக் கிடந்த தெருவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"பின்னாடி பொகைக் கொழாயில நான் அடைச்ச துணிய எடுத்துட்டா ஓடும்பா."