நுரை தள்ளிய ரெகுலேட்டர்

பீர் பீப்பாய்க்குக் கேஸ் அனுப்பும் ரெகுலேட்டருக்குத் தொண்டைவரை பீர் ஏறிவிட்டது. உள்ளே காய்ந்து ஒட்டிக்கொண்டால் நேரே காயலான் கடைதான்.

"டேய் பீப்பாய், என் வாயிலேயே துப்புறியா?"

"நான் எங்கே அண்ணே துப்பினேன்? கழுத்துவரை பீரோட படுத்துக் கிடக்கேன். நீங்கதான் கெத்தா கேஸைக் குறைச்சீங்க. என் பக்கம் அழுத்தம் ஜாஸ்தி, கேஸ் வந்த குழாயிலேயே பீர் ஏறிடுச்சு."

மேஜையில் சும்மா கிடந்த ஒருவழி வால்வு கொட்டாவி விட்டது. "பெரிய மனுஷரே, ருசி எப்படி?"

ரெகுலேட்டர் திட்ட வாயெடுத்தது. நுரைதான் வந்தது. காலையிலேயே அந்தச் சுண்டைக்காய் வால்வு கெஞ்சியிருந்தது: "குழாய்க்கு நடுவுல என்னை மாட்டுங்க. கேஸ் போகும், பீர் திரும்பாது."

"எனக்குக் கொடுத்துத்தான்டா பழக்கம்" என்று சொல்லிவிட்டு, மகாராஜா அதை மாட்டவேயில்லை.