குரங்குப் பல்

ஜப்பான்காரனோடு போட்ட நியூகினி சண்டை முடிந்து இருபது வருஷம் ஆகியும், படைவீரர் நினைவு நாளான ஏப்ரல் இருபத்தைந்தாம் தேதி வந்தால் கிளாரி அந்தப் புகையிலை டப்பாவோடுதான் முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு வருகிறான். தகரக் கூரை வெயிலில் படபடவென்று பொரிகிறது. பீர் சிந்திய மேசையில் ஈக்கள் கால் நனைத்து நடக்கின்றன. எதிரே இருக்கும் நெவிலின் தட்டில் பாதி தின்ற இறைச்சி பப்ஸ், கடித்த ஓரத்தில் தக்காளி சாஸ். கிளாரி டப்பாவைக் கவிழ்க்கிறான். மூன்று தங்கப் பற்கள் உருண்டு நிற்கின்றன. ஒன்றில் வேர் இன்னும் பழுப்பாக ஒட்டியிருக்கிறது. கிளாஸ் எடுக்க வந்த டோரின் குனிந்து பார்க்கிறாள்.

"என்ன கிளாரி இது?"

"குரங்குப் பல்லு. காட்டுல நானும் நெவிலும் வேட்டையாடினது."

மேசையே குலுங்கிச் சிரிக்கிறது. ஜப்பான்காரன் மனிதனே இல்லை, குரங்கு என்றுதான் படையில் சொல்லிக் கொடுத்தார்கள். அதை நம்பியபோது நெவிலுக்கு நன்றாகத் தூக்கம் வந்தது. டோரின் ஒரு பல்லைத் தொட்டுவிட்டு விரலைப் பாவாடையில் துடைக்கிறாள். நெவில் கட்டைவிரலில் இருக்கும் பழைய தழும்பைத் தேய்த்தபடி தட்டைத் தள்ளி வைக்கிறான்.

"குரங்குக்கு எவன்டா தங்கம் கட்டுவான்?"

சிரிப்பு அடங்குகிறது.

"விடுடா. செத்தவனுக்குப் பல்லு எதுக்கு?" என்கிறான் கிளாரி.

"தாடையப் பிடிச்சுக்கிட்டு இருந்தது நான். நீ குறடு போட்டு இழுத்தப்போ அவன் என் விரலக் கடிச்சான்."